அஞ்சே வெற்றி, ஆனா சாம்பியன்: ஆலன் குல்விக்கி பத்தி ஒரு கேள்வி

சக்கரவாகம் எழுதியது:

வணக்கம் மக்களே. ஃபார்முலா ஒன் பார்த்தே வளர்ந்த ஆளு நான். நாஸ்கார்ங்கிற அமெரிக்க கார் ரேஸ் பக்கம் இப்பத்தான் எட்டிப் பார்க்குறேன். பழைய ரேஸ் வீடியோவா தேடித் தேடிப் பார்த்து ராத்திரித் தூக்கம் போச்சு.

நேத்து பார்த்தது 1992 சீசனோட கடைசி ரேஸ், அட்லாண்டா, ஹூட்டர்ஸ் 500. ரேஸை ஜெயிச்சது பில் எலியட். ஆனா ரெண்டாவதா வந்த ஆலன் குல்விக்கிதான் அந்த வருஷ சாம்பியன். அதுவரைக்கும் புரிஞ்சுது. அதுக்கப்புறம் அந்த மனுஷன் டிராக்கைத் தப்புத் திசையில சுத்துறார். சுத்தி முடிச்சு வண்டியை நிறுத்தினா, மொத்த டிவி கூட்டமும் வெளியில காத்துக்கிட்டு நிக்குது, அவர் உள்ளேயே உட்கார்ந்து தலை சீவிக்கிட்டு இருக்கார்!

யாருடா இவர்னு தேடினா, மொத்தம் 207 ரேஸ், 5 வெற்றி. அவ்வளவுதான். அதே காலத்து டேல் எர்ன்ஹார்ட் 76 ரேஸ் ஜெயிச்சவர், ஏழு தடவை சாம்பியன். அப்படியிருக்க, நாஸ்கார் பத்திப் பேசுறவங்க குல்விக்கி பேரைச் சொன்னாலே ஏன் குரல் மாறிடுது? இன்னொண்ணு, ஜூனியர் ஜான்சன் மாதிரி பெரிய டீம் ஓனர் தன் வண்டியை ஓட்டக் கூப்பிட்டும் போகலையாம். வீம்பா, இல்ல வேற கணக்கு ஏதாவது இருந்துச்சா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

நாலாம் வளைவு எழுதியது:

நேராச் சொல்றேன், ரசிகர்கள் கோவிச்சுக்காதீங்க. அதிர்ஷ்டம். அட்லாண்டாவுக்கு வரும்போது பாயின்ட்ல முன்னாடி இருந்தது டேவி அலிசன். குல்விக்கி 30 பாயின்ட் பின்னாடி, எலியட் 40 பின்னாடி. எர்னி இர்வனோட வண்டி சுழன்று அலிசன் முன்னாடி வந்து விழுந்துச்சு, அவர் கதை அங்கேயே முடிஞ்சுது. அதுல குல்விக்கியோட திறமை எங்க இருக்கு? நல்ல டிரைவர்தான், இல்லைங்கல. ஆனா சின்ன வயசுல போயிட்டதால கொஞ்சம் கூடுதலா ஏத்தி வெச்சுட்டாங்கன்னு எனக்குத் தோணும்.

---

பழைய பிட்லேன் எழுதியது:

சக்கரவாகம் தம்பி, அந்த அட்டவணையிலேயே பக்கத்துல இன்னொரு எண் இருக்கும் பாருங்க: 24 போல். ஏறக்குறைய ஒன்பது ரேஸுக்கு ஒரு தடவை முதல் இடத்திலிருந்து கிளம்பியிருக்கார். அதுவும் சொந்த டீம், சொந்தக் காசு. பெரிய டீம்கிட்ட இருந்த ஆள்பலத்துல கால்வாசி கூட அவர்கிட்ட இல்லாத காலத்துல. அந்தப் பின்னணி தெரியாம 5 வெற்றியை மட்டும் பார்த்தா ஒண்ணும் புரியாது.

ஊரு விஸ்கான்சின், அமெரிக்காவோட வட மாநிலம். அந்தக் காலத்து நாஸ்கார்ல வடக்கத்திக்காரன்னாலே ஒரு மாதிரி பார்ப்பாங்க. இவர் அதுக்கும் மேல, மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பட்டதாரி. 1977ல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தோட மில்வாக்கி வளாகத்துல முடிச்சார். உள்ளூர் குட்டை டிராக்குகள்ல ஓட்டிப் பேர் வாங்கிட்டு, 1985ல இருக்கிறதை எல்லாம் வித்துட்டு வட கரோலினாவுக்குக் கிளம்பினார். கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி அவரோட டிரக் மின்கசிவுல எரிஞ்சு போச்சு. கடன் வாங்கின வண்டியில டிரெய்லரைக் கட்டி, தட்டுமுட்டுச் சாமானும் டூல்ஸும் ஏத்திக்கிட்டு 860 மைல் போனார். சொல்லாம கொள்ளாம டீம் ஓனர் பில் டெர்ரியோட வொர்க்ஷாப் வாசல்ல போய் நின்னார். டெர்ரிதான் அந்த வருஷம் சில ரேஸ் ஓட்ட வண்டி கொடுத்தது.

1986ல டெர்ரி போதும்னு ஒதுங்கிக்க, டீமை இவரே வாங்கிட்டார். டீம்னா என்ன? சீசன் ஆரம்பத்துல ஒரு கார், ரெண்டு எஞ்சின், முழுநேர ஆளுங்க ரெண்டு பேர். ரேஸ்ல அடிபட்டா திங்கட்கிழமை அதே காரைத் தட்டி நிமித்தி அடுத்த வாரம் கொண்டு போகணும். 29 ரேஸ்ல 23தான் ஓட்ட முடிஞ்சுது, அப்படியும் அந்த வருஷத்து சிறந்த புதுமுகம் அவர்தான்.

கையில பிரீஃப்கேஸோட ரேஸ் டிராக்குக்கு வருவார். கூட வேலை பார்த்தவங்களைப் பாடாய்ப் படுத்துவார்னும் பேர் உண்டு. ஒரு போல்ட்டை யார் முடுக்கினாலும் இவர் மறுபடி பார்த்தாகணும். அவர்கிட்ட தாக்குப் பிடிச்சவங்க பின்னாடி நல்லா வந்தாங்க. டோனி கிப்சன் ஒரு உதாரணம், 2017 டேடோனா 500ல கர்ட் புஷ் ஜெயிச்சப்போ அவர்தான் குரூ சீஃப், அதாவது டீம் ஆளுங்களுக்குத் தலைவர்.

இப்ப நீங்க பார்த்த ரேஸுக்கு வருவோம். நாலாம் வளைவு, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

முதல் பிட் ஸ்டாப்லயே (பெட்ரோல், டயருக்காக ஓரமா நிறுத்துறது) குல்விக்கியோட முதல் கியர் உடைஞ்சு போச்சு. உடைஞ்ச இரும்புத் துண்டு கியர்பாக்ஸுக்குள்ளேயே கிடக்கு. அது வேற பல்லுல போய் மாட்டினா பெட்டி மொத்தமும் ரெண்டாப் போகும். அந்த நாலு கியர் பெட்டியில நாலாவது கியர் நேரடி இணைப்பு, பக்கத்துப் பல்சக்கரங்கள் மேல சுமை ஏறாது. அதனால அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவை பிட்டை விட்டுக் கிளம்பும்போதும் நாலாவது கியர்லயே கிளம்பினார். கார் ஓட்டத் தெரிஞ்சவங்க ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. நின்ன இடத்துல இருந்து டாப் கியர்ல எடுக்கணும். கிளட்ச்சைக் கொஞ்சம் வேகமா விட்டா எஞ்சின் அணைஞ்சிடும், மெதுவா விட்டா கிளட்ச் கருகிடும். பின்னாடி ஆளுங்க தள்ளி விடுறாங்க, பக்கத்துல மத்த வண்டியெல்லாம் சர்ருனு போயிட்டு இருக்கு. இப்படியே 328 லேப் (சுத்து) ரேஸை முடிச்சிருக்கார். வீடியோவுல அவர் பிட்டை விட்டுக் கிளம்புற இடத்தை மட்டும் திரும்பப் போட்டுப் பாருங்க, திணறுறது கண்ணுக்கே தெரியும்.

அடுத்தது கணக்கு. அப்போ இருந்த முறையில ஜெயிச்சவருக்கு 175, ரெண்டாவதுக்கு 170. ஒரு லேப் முன்னணியில இருந்தா கூடுதலா 5. யார் அதிக லேப் முன்னணியில இருந்தாங்களோ அவங்களுக்கு இன்னொரு 5. அலிசன் விழுந்த பிறகு போட்டி எலியட்டுக்கும் குல்விக்கிக்கும்தான். குல்விக்கி 10 பாயின்ட் முன்னாடி. அவரோட குரூ சீஃப் பால் ஆண்ட்ரூஸும் ஆளுங்களும் பிட்ல உட்கார்ந்து எண்ணிக்கிட்டே இருந்தாங்க: இவர் எந்த லேப் வரைக்கும் முன்னாடி இருந்தா, அதுக்கப்புறம் எலியட் கடைசி வரை ஓட்டினாலும் எண்ணிக்கையில இவரை எட்ட முடியாது? பெட்ரோல் தீர்ந்துக்கிட்டே வருது, ஆனா 310வது லேப் வரைக்கும் உள்ளே வரலை. வந்ததும் டயரைத் தொடலை, பெட்ரோல் மட்டும் ஊத்தி அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் எலியட்டைத் துரத்தவே இல்லை. பெட்ரோலை மிச்சம் பிடிச்சு ரெண்டாவதா வந்து சேர்ந்தார்.

முடிவுல குல்விக்கி முன்னணியில இருந்தது 103 லேப், எலியட் 102. எலியட்டுக்கு 175 கூட்டல் 5, ஆக 180. குல்விக்கிக்கு 170 கூட்டல் 5 கூட்டல் 5, அதுவும் 180. பழைய 10 பாயின்ட் வித்தியாசம் அப்படியே நின்னுது: சீசன் மொத்தத்துல குல்விக்கி 4078, எலியட் 4068.

ஒரே ஒரு லேப் இவர்கிட்ட இருந்து அவர்கிட்ட போயிருந்தா? அவருக்கு 185, இவருக்கு 175. இவரோட பழைய 10ஐச் சேர்த்தா ரெண்டு பேரும் சமம். சமமானா அந்த சீசன்ல யார் அதிக ரேஸ் ஜெயிச்சாங்கன்னு பார்ப்பாங்க. எலியட் 5, குல்விக்கி 2. கோப்பை எலியட்டுக்கு. ரேஸ் நடந்துக்கிட்டு இருக்கும்போதே இதைக் கணக்குப் போட்டு வெச்சு, அதுக்கேத்த மாதிரி ஓட்டினதை அதிர்ஷ்டம்னு சொன்னா எனக்கு ஜீரணமாகாது.

அந்தத் தலை சீவினது பத்தி: அது பந்தா இல்லை தம்பி. ஸ்பான்சர் தேடி அலைஞ்சு பழகின ஆளு. கேமரா முன்னாடி எப்படித் தெரியணும்கிறதும் அவருக்குத் தொழில்தான்.

---

சக்கரவாகம் எழுதியது:

அண்ணே, அந்த 103க்கு 102 மேட்டரைப் படிச்சுட்டு கடைசி முப்பது லேப்பை மறுபடி போட்டுப் பார்த்தேன். முதல் தடவை "ஏன் இவர் எலியட்டை முந்தவே முயற்சி பண்ணலை"ன்னு சலிப்பா இருந்துச்சு. இப்ப நகத்தைக் கடிச்சுக்கிட்டுப் பார்த்தேன்.

ஆனா ஜூனியர் ஜான்சன் விஷயத்துக்குப் பதில் வரலையே. அப்புறம் அந்தத் தலைகீழ் சுத்து எதுக்கு?

---

பழைய பிட்லேன் எழுதியது:

ஜான்சன் ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். 1990 தொடக்கத்துல தன்னோட 11ஆம் நம்பர் வண்டிக்கு. அப்புறம் புதுசா ஆரம்பிக்கிற ரெண்டாவது வண்டிக்கு, பத்து லட்சம் டாலர் பேசினார். இவர் ரெண்டுக்கும் மாட்டேன்னுட்டார். வண்டி எப்படி இருக்கணும்னு தான்தான் முடிவு பண்ணணும், அதை விட்டுக் கொடுத்து வர்ற காசு வேண்டாம்னு நினைச்சவர். மேக்ஸ்வெல் ஹவுஸ் காபி ஸ்பான்சர் தனக்குத்தான் வருதுன்னு நம்பிக்கிட்டு இருந்தார். அந்த ஸ்பான்சரும் ஜான்சன் பக்கம் போயிடுச்சு! அந்த ரெண்டாவது வண்டியில ஸ்டெர்லிங் மார்லின் ஏறினார். இவர் 1991 சீசனை ஸ்பான்சர் இல்லாம, கைக்காசு போட்டு ஆரம்பிச்சார். டேடோனா 500க்கு மட்டும் அமெரிக்க ராணுவத்தோட பேர் ஒட்டின வண்டி.

அடுத்த மாசம் அட்லாண்டாவுல ஹூட்டர்ஸ்ங்கிற ரெஸ்டாரன்ட் கம்பெனி பேரோட வந்த இன்னொரு டிரைவர் தகுதிச் சுற்றுலயே வெளியே போயிட்டார். ஹூட்டர்ஸுக்கு வண்டி இல்லை, குல்விக்கிக்கு ஸ்பான்சர் இல்லை. கை குலுக்கிட்டாங்க. அந்த உறவுதான் 1992 வரைக்கும் தூக்கிட்டு வந்துச்சு. இங்கதான் வேடிக்கை. 1992ல எலியட் ஓட்டின வண்டி யாரோடது? ஜூனியர் ஜான்சனோட அதே 11ஆம் நம்பர். வேண்டாம்னு சொல்லிட்டு வந்த ஓனரோட வண்டியைத்தான் அந்தக் கடைசி ரேஸ்ல கணக்குல அடிச்சார்.

தலைகீழ் சுத்தை அவரே "போலிஷ் விக்டரி லேப்"ன்னு பேர் வெச்சுக்கிட்டார், அவர் குடும்பம் போலந்து வம்சாவளி. ரேஸ் நடக்கிறது இடஞ்சுழியா. டிரைவர் உட்கார்றது இடது பக்கம். சாதாரணமாச் சுத்தினா அவர் முகம் மைதானத்துக்கு உள்பக்கம்தான் இருக்கும். எதிர்த் திசையில போனா ஜன்னல் பார்வையாளர் பக்கம் வரும், கையை ஆட்டினா ஜனங்களுக்குத் தெரியும். 1988ல முதல் வெற்றிக்குச் செஞ்சார், அப்புறம் எடுத்து வெச்சுட்டு 1992 அட்லாண்டாவுலதான் மறுபடி செஞ்சார்.

அன்னிக்கு அவர் வண்டி மூக்கைப் பார்த்தீங்களா? ஃபோர்டு தண்டர்பேர்ட்ல முதல் ரெண்டு எழுத்து மட்டும் இருக்காது, "அண்டர்பேர்ட்"ன்னு நிக்கும். ஃபோர்டுகிட்டயும் நாஸ்கார்கிட்டயும் அனுமதி வாங்கிச் செஞ்சது. கூடவே மைட்டி மவுஸ்ங்கிற கார்ட்டூன் எலி படம். சின்ன டீம் நாங்கன்னு அவரே சொல்லிக்கிட்டார்.

---

நாலாம் வளைவு எழுதியது:

லேப் எண்ணின விஷயத்தை ஒத்துக்கிறேன் பிட்லேன் சார். கியர்பாக்ஸ் விஷயமும் சரி. ஆனா அட்லாண்டாவுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுங்கிறதை நீங்க சொல்லாம தாண்டிட்டீங்க. செப்டம்பர்ல டோவர்ல குல்விக்கி சுவத்துல மோதி 34ஆவதா வந்தார். எலியட்டைவிட 278 பாயின்ட் பின்னாடி, மிச்சம் ஆறே ரேஸ். சாம்பியன்ஷிப் கைவிட்டுப் போச்சுன்னு எல்லாரும் எழுதிட்டாங்க. அதுக்கப்புறம் எலியட்டுக்கு ஒண்ணு மாத்தி ஒண்ணு வண்டிக் கோளாறு. அது குல்விக்கி செஞ்சதா? அந்த முறையில ஒரு ரேஸ்ல கெட்டுப் போனா நூறு பாயின்ட் ஓடிடும், எலியட்டுக்கு அது திரும்பத் திரும்ப நடந்துச்சு.

எலியட்டைச் சும்மா வில்லன் மாதிரி ஆக்காதீங்கன்னுதான் என் ஆதங்கம். 44 ரேஸ் ஜெயிச்சவர், 1988 சாம்பியன். அந்த ரேஸையும் அவர்தான் ஜெயிச்சார். ஜெயிச்சும் தோத்தார்.

---

தேன்மொழி ஆர் எழுதியது:

இருவர் சொல்வதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை என்று நினைக்கிறேன். எலியட் சறுக்கியபோது அந்த இடத்தைப் பிடிக்கும் தூரத்தில் யார் இருந்தார் என்பதுதான் கேள்வி. அட்லாண்டாவுக்கு வாய்ப்போடு வந்தவர்கள் ஆறு பேர். ஹாரி கான்ட், கைல் பெட்டி, மார்க் மார்ட்டின் மூவரும் ஏறக்குறைய நூறு பாயின்ட் பின்னால் நின்றார்கள். எலியட்டின் சரிவு எல்லோருக்கும் பொதுவாகத்தான் கிடைத்தது.

நான் சொல்ல வந்தது வேறு. இனி ஒரு குல்விக்கி வர முடியுமா என்று பார்த்தால், வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிட்டது. 2016 முதல் சார்ட்டர் முறை. 36 வண்டிகளுக்கு ஒவ்வொரு ரேஸிலும் இடம் உறுதி, மற்றவர்கள் மிச்சமுள்ள சில இடங்களுக்கு அடித்துக்கொள்ள வேண்டும். ஒரு காரும் இரண்டு எஞ்சினுமாக வந்து நிற்பவருக்கு அங்கே வேலை இல்லை. 2022இல் வந்த நெக்ஸ்ட் ஜென் காரில் சேஸிஸ் (அடிச்சட்டம்) முதல் பெரும்பாலான பாகங்களை, ஒவ்வொன்றுக்கும் குறித்துவிட்ட ஒரே சப்ளையரிடம்தான் வாங்க வேண்டும். குல்விக்கியின் பலமே தன் ஷாப்பில் தானே யோசித்து வண்டியை மாற்றியதுதான்; அந்தச் சுதந்திரம் இன்றைய விதிகளில் மிகக் குறைவு. செலவு குறையும் என்றுதான் கொண்டு வந்தார்கள், எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை.

ஓனராக இருந்துகொண்டே ஓட்டி சாம்பியன் ஆனவர் அவருக்குப் பிறகு டோனி ஸ்டூவர்ட், 2011இல். அதுவும் ஜீன் ஹாஸ் பாதிப் பங்காளி, பல வண்டி ஓடிய டீம். சக்கரவாகத்துக்கு ஒரு சுவாரசியம்: அந்த ஆண்டு ஸ்டூவர்டும் கார்ல் எட்வர்ட்ஸும் ஒரே பாயின்டில் முடித்தார்கள். வெற்றிகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் ஸ்டூவர்டுக்குப் போனது, ஐந்துக்கு ஒன்று. பிட்லேன் ஐயா மேலே சொன்ன "சமமானால்" என்ற நிலை 1992இல் வராமல் போய் அங்கே வந்தது.

இன்று பிராட் கெசலோவ்ஸ்கி டீமில் பங்கு வைத்துக்கொண்டு ஓட்டுகிறார். டெனி ஹாம்லின் மைக்கேல் ஜோர்டனோடு ஒரு டீம் வைத்திருக்கிறார், ஆனால் ஓட்டுவது ஜோ கிப்ஸுக்கு. குல்விக்கி மாதிரி பிரீஃப்கேஸும் ஸ்டியரிங்கும் ஒரே கையில் இருப்பவர் யாருமில்லை.

---

சக்கரவாகம் எழுதியது:

அக்கா, அண்ணன்களுக்கு நன்றி. அவர் எப்படி இறந்தார்னு மட்டும் ரெண்டு வரியில சொல்லுங்க. தேடினா ஆளுக்கு ஒண்ணு எழுதியிருக்காங்க.

---

பழைய பிட்லேன் எழுதியது:

1993 ஏப்ரல் 1. பிரிஸ்டல் ரேஸுக்குப் போற வழி. ஸ்பான்சர் நிகழ்ச்சி ஒண்ணை முடிச்சுட்டு நாக்ஸ்வில்லுல இருந்து ஹூட்டர்ஸ் கம்பெனி விமானத்துல வந்தார். டென்னசி பிளவுன்ட்வில் பக்கத்துல இறங்குறதுக்கு முன்னாடி விமானம் விழுந்துச்சு, இருந்த நாலு பேரும் போயிட்டாங்க. அவருக்கு வயசு 38. சாம்பியன் ஆகி அஞ்சு மாசம் கூட ஆகலை. அந்த வாரம் பிரிஸ்டல்ல ஜெயிச்ச ரஸ்டி வாலஸ் எதிர்த் திசையிலதான் சுத்தினார். ஜூலையில டேவி அலிசனும் ஹெலிகாப்டர் விபத்துல போயிட்டார். அந்த வருஷக் கடைசி ரேஸ்ல வாலஸும் எர்ன்ஹார்ட்டும் ரெண்டு பேரோட நம்பர் போட்ட கொடியைப் பிடிச்சுக்கிட்டு அதே மாதிரி சுத்தினாங்க.

2019ல நாஸ்காரோட ஹால் ஆஃப் ஃபேம்ல பேர் சேர்ந்தப்போ அலிசனும் குல்விக்கியும் ஒரே பட்டியல்ல. கூட ஜெஃப் கார்டன். கார்டனோட முதல் கப் (நாஸ்காரோட உச்ச வரிசை) ரேஸ் எதுன்னு நினைக்கிறீங்க? நீங்க பார்த்த அதே அட்லாண்டா. ஜாம்பவான் ரிச்சர்ட் பெட்டியோட கடைசி ரேஸும் அதேதான். வேற எதையும் பார்க்கலைன்னாலும் அந்த ஒரு வீடியோவைப் பத்திரமா வெச்சுக்குங்க.

அடுத்து பார்க்கணும்னா 1988 ஃபீனிக்ஸ். அங்க நடந்த முதல் கப் ரேஸ், இவரோட முதல் வெற்றி. ரிக்கி ரட் முன்னாடி போயிட்டு இருக்கும்போது எஞ்சின் மக்கர் பண்ணுச்சு, கடைசி 16 லேப் குல்விக்கி முன்னணி.

---

சக்கரவாகம் எழுதியது:

ரட்டோட எஞ்சின் மக்கர் பண்ணுச்சா? போச்சு, நாலாம் வளைவு அண்ணன் இதையும் அதிர்ஷ்டக் கணக்குல எழுதிடுவார்.

---

நாலாம் வளைவு எழுதியது:

எழுதியாச்சு. ஆனா ரெண்டாவதா வந்தவரைவிட பதினெட்டரை செகண்ட் முன்னாடி வந்தார். அதை எந்தக் கணக்குல எழுதுறதுன்னு தெரியலை, பிட்லேன் சார்கிட்ட விட்டுடறேன்.